ஆய்விதழும் அதன் குறிப்பேடும்

மரக்காணத்து உப்பளங்களைக் கோடையில் கண்டவர்கள் அறிவார்கள். வரப்போரம் நெடுகிலும் வெண்குவியல்கள் நிற்கும். வழிப்போக்கனுக்கு எல்லாம் ஒன்றே. எவர் பாத்தியில் வாரியது, எந்நாளில் வாரியது என்று குவியல் சொல்லாது. ஆய்வுக் கட்டுரைகளும் அத்தகையனவே. எழுதியவர் யார், தலைப்பு யாது, எவ்விதழில் எவ்வாண்டில் வந்தது என்னும் குறிப்புகள் இல்லையேல், கட்டுரை இருந்தும் இல்லாததாகும். இக்குறிப்புகளை இன்று மீத்தரவு என்பர். பெயர் புதிது, தொழில் பழையது.

சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூல்களை வகைப்படுத்தக் கோலன் பகுப்பு முறையை 1933-இலும், பட்டியலிடும் விதிகளை 1934-இலும் வெளியிட்டார். நூல் பூட்டிவைக்கும் பொருளன்று என்பது அவர் கொள்கை.

பின்னர்க் கணினி வந்தது. 1995-இல் அமெரிக்காவின் டப்ளின் நகரில் கூடிய அறிஞர்கள் தொடங்கிய முயற்சி, தலைப்பு, ஆக்கியோன், நாள், மொழி முதலிய 15 குறிப்புகளாக நிலைபெற்றது. ஆய்வுகளை எவரும் கட்டணமின்றிப் படிக்கவேண்டும் என்று 2002-இல் புடாபெஸ்ட் அறிக்கை முழங்கியது. மறு ஆண்டே ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் அத்தகைய திறந்த இதழ்களுக்கு ஓர் அடைவைத் தொடங்கிற்று. கதவு திறந்திருந்தும் முகவரி தெரியாத வீட்டுக்கு விருந்தினர் எவ்வாறு வருவர்?

ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. கட்டுரையுடன் நிரப்பும் படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்றொரு கட்டம் உண்டு. நம்மில் பெரும்பாலோர்க்கு ஏது குடும்பப் பெயர்? அரங்கநாதன் பெயரிலேயே ‘சீ’ என்பது ஊர். ‘இரா’ என்பது தந்தையாராகிய இராமாமிருதம். என் வருகைப் பதிவேட்டில் ஒரே வகுப்பில் மூன்று கோவிந்தசாமிகள் இருந்ததுண்டு. தலைப்பெழுத்தே அவர்களைப் பிரித்துக் காட்டிற்று. அவ்வெழுத்தைக் குடும்பப் பெயராகக் கொண்டால் நேர்வதைப் பாருங்கள். ஆய்வாளர் ஓர் இதழில் தலைப்பெழுத்தோடு நிற்கிறார். வேறோர் இதழில் தந்தை பெயரை விரித்து எழுதுகிறார். அட்டவணையில் ஒருவரே இருவராகிறார். சிலவிடத்துத் தந்தையே ஆசிரியராகிவிடுகிறார்! அவருடைய உழைப்பைப் பிறர் எடுத்தாண்ட கணக்கும் இரண்டாகச் சிதறுகிறது. வேலைக்கோ உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்கும் இளைஞர்க்கு இது சிறிய இழப்பன்று.

இக்குறையைத் தீர்க்கவே 2012 முதல் ஆர்சிட் என்னும் 16 இலக்க அடையாள எண் ஆய்வாளர்க்கு இலவசமாக வழங்கப்படுகிறது. பெயர் எவ்வாறு எழுதப்பட்டாலும் எண் மாறாது. ஆயினும் பழைய கட்டம் முற்றும் ஒழியவில்லை. என் மாணவர் ஒருவர், அதை வெறுமையாக விட்டபோது படிவம் ஏற்கவில்லை என்று, அதில் ஒரு புள்ளியை இட்டு அனுப்பினாராம். அவர் பெயர் இன்றும் அந்தப் புள்ளியோடுதான் அச்சில் இருக்கிறது.