உல்லம் மீனும் கொள்ளிடக் கீழணையும்

பொங்கோல் ஆற்றின் கழிமுகம் அணையிடப்பட்டு, 2011ஆம் ஆண்டில் நன்னீர்த் தேக்கம் ஆயிற்று. அணை எழும் இடமெல்லாம் ஒரு கேள்வியும் எழுகின்றது: கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே போய்வரும் மீன்களின் வழி என்னாவது? தமிழகத்தில் கொள்ளிடக் கரையில் இக்கேள்வி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது.

உல்லம் கடலில் வாழும் மீன். வங்காளத்தார் இலீசு என்றும், ஆந்திரர் புலச என்றும் அதனைப் போற்றுவர். வெள்ளக் காலத்தில் முட்டையிடுவதற்காக அஃது ஆற்றில் எதிர்நீச்சலிட்டு ஏறும். 1836ஆம் ஆண்டில் பொறிஞர் ஆர்தர் காட்டனின் திட்டப்படி கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழுந்தது. வயல்கள் செழித்தன; உல்லத்தின் வழியோ அணைச்சுவரோடு நின்றது. இத்தகைய அணைகளால் மீன்வளம் குன்றுவதை மீனியல் அறிஞர் பிரான்சிசு டே 1873ஆம் ஆண்டு அறிக்கையில் எடுத்துரைத்தார்.

பின்னர்க் கீழணையில் மீன்வழிகள் அமைக்கப்பட்டன. ஆயினும் உல்லம் அவற்றை நாடவில்லை.

மீன்வழி என்னும் கருத்து ஐரோப்பாவின் சால்மன் ஆறுகளில் வளர்ந்தது. பெல்சியப் பொறிஞர் டெனில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சரிவான வாய்க்காலினுள் தடுப்புப் பலகைகளை வரிசையாகப் பொருத்தி நீரின் விரைவைக் குறைத்தார். சாலைகளின் கீழ்ச் செல்லும் நீர்க்குழாய்களிலும் இம்முறை இன்று கையாளப்படுகின்றது. ஆனால் விரைவு குறைந்தால் மட்டும் போதாது. தடுக்கப்பட்ட நீரின் ஆற்றல் மறைந்துவிடுவதில்லை. சுழலாகவும் கொந்தளிப்பாகவும் மாறுகின்றது. உடலின்மீது சீராக மோதும் ஒழுக்கைக் கொண்டே மீன் திசை அறியும். சுழல் மிகுந்தால் அது தடுமாறும்; களைத்துத் திரும்பும்.

சால்மன் வலிமையுடன் தாவும் மீன். கூட்டமாகச் செல்லும் உல்லமோ தாவி ஏறும் இயல்பினதன்று. படித்தொட்டிகளாய் அமைந்த மீன்வழிகளில், ஒரு கன மீட்டர் நீரில் சிதறும் ஆற்றல் சால்மனுக்கு 200 வாட் வரை இருக்கலாம் என்றும், உல்லத்தின் உறவினமான ஷாட் மீனுக்கு 150 வாட்டைத் தாண்டலாகாது என்றும் இன்றைய பொறியியலார் வரையறுப்பர்.

1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை நிறைவெய்தியது. வெள்ளம் தேக்கத்தில் அடங்கவே, மீனை ஆற்றுக்கு அழைத்த புதுநீரும் குறைந்தது. காவிரியின் உல்ல மீன்பிடிப்பு நலிந்தது.

அணையை அளப்போர் நீரை அளந்தனர், மீனை அளக்கவில்லை. ஓர் ஆற்றின் மீனுக்கு அமைத்த படி மற்றோர் ஆற்றின் மீனுக்குச் சுவராகலாம் என்பதே கொள்ளிடம் கற்பிக்கும் பாடம்.