சிவப்புத் துருவும் பிரிந்துபோன பாசித் துறையும்

வால்பாறைத் தேயிலைச் செடிகளில் தோன்றும் சிவப்புத் துரு நோய்க்குக் காரணம் பூஞ்சை அல்ல; செஃபலியூரோஸ் என்னும் பசும்பாசி. ஆரஞ்சு நிறக் கரோட்டினாய்டுகள் செல்களில் மிகுந்திருப்பதால் அதன் பச்சை வெளியே தெரிவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மரப்பட்டைகளிலும் ஈரச் சுவர்களிலும் காவியாகப் படரும் டிரென்டிபோலியா இதற்கு நெருங்கிய உறவு.

லண்டனில் பணியாற்றிய ஃபிரிட்ச் 1935இல் வெளியிட்ட பாசி நூலில் டிரென்டிபோலியாவின் குடும்பத்தைக் கீட்டோபோரேல்ஸ் என்ற துறையில் வைத்தார். தரையில் படரும் இழைகள் ஒரு பகுதி, அதிலிருந்து மேலெழும் இழைகள் இன்னொரு பகுதி: இந்த இரட்டை உடலமைப்பே துறையின் அடையாளம். கோலியோகீட் என்ற பசும்பாசியும் அதில் இடம்பெற்றது. நிலத்தாவரங்கள் இத்தகைய உடலிலிருந்தே தோன்றியிருக்க வேண்டும் என்பது ஃபிரிட்சின் கருத்து.

அதற்கு வலுவான சான்று சென்னையிலிருந்து கிடைத்தது. ஃபிரிட்சிடம் ஆய்வு செய்த எம். ஓ. பி. ஐயங்கார் (1886–1963) வற்றும் மழைக்குட்டைச் சேற்றில் கண்ட பாசியை 1932இல் விவரித்து, ஆசிரியரின் பெயராலேயே ஃபிரிட்சியெல்லா டியூபரோசா என்று அழைத்தார். அதன் கீழ்ப்பகுதி மண்ணுக்குள் வேரிழைகளோடு பருத்துக் கிடந்து வறட்சியைத் தாங்கும். மேற்பகுதி காற்றில் நிமிரும். நீரைவிட்டுக் கரையேறிய முதல் செடிக்கு இதைவிடப் பொருத்தமான மாதிரி அன்று இல்லை. பாடநூல்கள் இன்றும் இதை விடவில்லை.

தோற்றத்தை நம்பிய அந்த அடுக்குமுறையை எலக்ட்ரான் நுண்ணோக்கி குலைத்தது. 1960கள், 70களில் பிக்கெட்-ஹீப்ஸ், ஸ்டூவர்ட், மாட்டாக்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் செல் பிரியும்போது நுண்குழல்கள் அமையும் திசையைப் பார்த்தனர். நிலத்தாவரங்களில் அவை புதிய சுவருக்குக் குறுக்காக நிற்கும், கோலியோகீட்டிலும் அப்படியே. ஃபிரிட்சியெல்லாவில் அவை சுவருக்கு இணையாகக் கிடந்தன. ஆக, கூட்டுக்குடும்பம் பாகம் பிரிந்தது: கோலியோகீட் நிலத்தாவரங்களின் கிளைக்குப் போனது, முன்னோடி என்று போற்றப்பட்ட ஃபிரிட்சியெல்லா, ஸ்டிஜியோக்ளோனியம் என்ற பாசியுடன் பழைய துறையிலேயே தங்கியது.

தொல்லை கொடுத்தது தேயிலைப் பாசிதான். செஃபலியூரோசிலும் நுண்குழல்கள் குறுக்காக நிற்பது 1980களில் தெரியவந்தது. அந்த அளவுகோலை மட்டும் நம்பினால் அதையும் நிலத்தாவரங்களோடு சேர்க்க வேண்டும். மரபணு வரிசைகள் அதை ஏற்கவில்லை. அவை செஃபலியூரோசையும் டிரென்டிபோலியாவையும் டிரென்டிபோலியேல்ஸ் என்ற தனித் துறையாக, மண்டபம் கரையில் ஒதுங்கும் உல்வா என்ற பசும்பாசியின் வகுப்பில் சேர்த்தன. தோட்டங்களில் இந்த இடமாற்றத்தால் எதுவும் மாறவில்லை. தாமிர மருந்துத் தெளிப்பும் சாம்பல்சத்து உரமுமே அங்கே தொடர்கின்றன.