சுவரிலுள்ள மூன்று துளைகள்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இரு கரைகளிலும் வீடுகளுக்கு வரும் மின்சாரம் ஒன்றே: 230 வோல்ட், வினாடிக்கு 50 சுழற்சிகள். எனினும், மதுரையில் வாங்கிய மடிக்கணினியுடன் மன்னாருக்கு வரும் மாணவன், போருக்குப் பின் கட்டப்பட்ட புதுவீடொன்றின் சுவர்முன் திகைத்து நிற்க நேரிடுகிறது. அவனுடைய சார்ஜரின் முனைகள் உருண்டை. சுவரின் துளைகளோ நீள்சதுரம். மின்சாரம் இணங்குகிறது, துளை மறுக்கிறது.

இக்கடலோரத்திற்கு இது புதிய அனுபவமன்று. 1914-இல் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பற் சேவை தொடங்கியபோது, அக்கரையில் தண்டவாளம் மீட்டர் அகலம். இக்கரையில் ஐந்தரை அடி. ஒரே முடியின்கீழ் இருந்த இரு நாடுகளின் இருப்புப்பாதைகளும், கடலே இல்லாதிருந்தாலும், ஒன்றோடொன்று பொருந்தியிரா. தோட்டத் தொழிலுக்குக் கூலிகளாக இவ்வழியே கொண்டுவரப்பட்டோரின் வசதியைக் கருதி எவரும் அளவுகளை வகுக்கவில்லை. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடந்த கப்பலும் 1980-களின் முற்பகுதியில் நின்றது.

செருகியின் கதைக்கு வருவோம். உருண்டை முனைகள் மூன்று கொண்ட செருகிக்குப் பிரித்தானியா 1934-இல் தரம் வகுத்தது. விளக்குக்கும் விசிறிக்கும் 5 ஆம்பியர், அடுப்புக்கு 15 ஆம்பியர் என அளவுக்கோர் உருவம். சாம்ராச்சியம் சென்ற இடமெல்லாம் அதுவும் சென்றது. பின்னர் உலகப் போர் வந்தது. குண்டுகளால் தகர்ந்த வீடுகளை மீளக் கட்டுவதெப்படி என ஆராய இலண்டனில் குழுக்கள் அமைந்தன, செம்போ தட்டுப்பாடு. வீட்டைச் சுற்றி ஒரே வளையமாகக் கம்பி ஓட்டினால் செம்பு மிஞ்சும். ஆனால் வளையத்திற்கான பாதுகாப்பு உருகி ஒவ்வொரு கருவியின் மெல்லிய கம்பியையும் காவாது. ஆகவே செருகிக்குள்ளேயே ஓர் உருகி வைத்தனர். இவ்வாறு பிறந்ததே 13 ஆம்பியர் சதுரமுனைச் செருகி. அதன் தரம் வெளியான ஆண்டு 1947.

வரலாற்றின் கேலியைப் பாருங்கள்! அதே ஆண்டில் இந்தியாவும், மறு ஆண்டில் இலங்கையும் விடுதலை பெற்றன. ஆண்டவன் தன் வீட்டுச் சுவரை மாற்றிக்கொண்டான். ஆளப்பட்டவன் கையில் பழைய உருண்டை முனை எஞ்சிற்று. இந்தியா இன்றும் அதன் வழிவந்த தரத்தையே கைக்கொள்கிறது. இலங்கையிலோ இரண்டும் நெடுநாள் கலந்து வழங்கின. 2010-களின் பிற்பாதியில் சதுரமுனையையே நாட்டுத் தரமாக்க அரசு முடிவெடுத்தது. பாதுகாப்பை நோக்க அம்முடிவு சரியே என்பது என் கருத்து. ஆனால் பழைய வீட்டின் துளைகளை மாற்றும் செலவை மீனவக் குடும்பமும் வணிகனும் ஒரே தோளால் சுமப்பதில்லை.

மாற்றமுடியாதவன் என்ன செய்கிறான்? பேனாமுனையை மேல்துளையிற் செருகி, இருமுனைச் செருகியை வலிந்து திணிக்கிறான். அம்மேல்துளை புவித்தொடுப்புக்குரியது, அதன் நீண்ட முனை புகுந்தால்தான் மற்றிரு துளைகளின் மூடிகள் திறக்கும். பிள்ளைகளின் விரலைக் காக்கவே அம்மூடிகள் உள்ளன. பேனா அக்காவலை ஏமாற்றுகிறது. தளர்ந்த பொருத்தம் சூடேறித் தீப்பற்றவும் கூடும்.

மடிக்கணினியின் சார்ஜரில் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை என்று பொறித்திருக்கும். அத்தகையதற்குத் துளையின் உருவை மாற்றும் அடாப்டர் போதும். அடாப்டர் வோல்டை மாற்றாது என்பதை மறக்கலாகாது. 120 வோல்ட் அமெரிக்கக் கேத்தலை மன்னாரில் செருகினால் அது எரிந்துபோகும்.

உலகனைத்திற்கும் ஒரே செருகி என்ற திட்டத்தை அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் 1986-இல் வெளியிட்டது. தென்னாப்பிரிக்காவும், சிறு மாற்றத்துடன் பிரேசிலும் ஏற்றன. ஏனையோர் தத்தம் சுவர்களோடு நின்றனர்.

மன்னார்த் தீவில் 2020 முதல் தம்பபவனி என்னும் 100 மெகாவாட் காற்றாலைப் பண்ணை இயங்குகிறது. மேலும் காற்றாலைகள் வேண்டாமென 2025-இல் மக்கள் தெருவிலிறங்கினர். அதே ஆண்டு ஏப்ரலில், கடலடியில் நேர்மின்னோட்டக் கம்பியால் இரு நாட்டு வலையமைப்புகளையும் இணைக்கும் உடன்படிக்கை கொழும்பில் ஒப்பமிடப்பட்டது. நேர்மின்னோட்டத்திற்கு இரு வலையமைப்புகளின் சுழற்சிகளும் ஒத்திசைய வேண்டிய அவசியம்கூட இல்லை. மாணவனோ மன்னார்க் கடைத்தெருவில் அடாப்டரின் விலையை விசாரித்துக்கொண்டிருக்கிறான்.