சீனன்குடாவில் சீமைக்கிளுவை: திருகோணமலை மாவட்டத்தில் தாவர எரிபொருளின் வரலாறு

திருகோணமலையின் எரிபொருள் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். அதில் வியப்பில்லை. பிரித்தானியக் கடற்படைக்காக 1920களிலும் 30களிலும் எழுப்பப்பட்ட அத்தாங்கிகளில் 99 இன்றும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது ஒரு தாங்கி எரிந்தழிந்தது. 2003இல் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐஓசி வந்தது. 2022 ஜனவரியில் 61 தாங்கிகளைக் கூட்டாக விருத்திசெய்ய உடன்படிக்கை கைச்சாத்தானது. வல்லரசுப் போட்டி, ஒப்பந்தம், எதிர்ப்பு என்று எழுத நிறையவே இருக்கிறது.

அதே சீனன்குடாவில் விறகும் உமியும் எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்றும் இயங்குகிறது. அதன் பின்னாலுள்ள வரலாற்றை எவரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அந்த வரலாறு ரே விஜேவர்தன என்ற பொறியியலாளரின் ஆய்வு வாழ்க்கையோடு பிணைந்தது; அதற்கு முன்பே கந்தளாயில் தொடங்கியதும்கூட. தாவரத்தை எரிபொருளாக்கும் முயற்சி இம்மாவட்டத்தில் எங்கே நிலைத்தது, எங்கே சறுக்கியது என்று தேடிப்போனால், விடை ஆய்வுகூடத்தில் கிடைப்பதில்லை. கரும்பும் விறகும் ஆலை வாசலுக்கு வந்துசேரும் பாதையில்தான் கிடைக்கிறது.

கந்தளாய்ச் சீனி ஆலை செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியோடு 1960 அளவில் அரைவையைத் தொடங்கியது. சீனி ஆலை என்பது தன் எரிபொருளைத் தானே விளைவித்துக்கொள்ளும் ஆலை. சாறு பிழிந்த சக்கை கொதிகலனுக்குப் போகிறது. அந்த நீராவியே உருளைகளைச் சுழற்றிப் பாகையும் காய்ச்சுகிறது. எஞ்சும் கழிவுப்பாகை நொதித்து வடித்தால் எதனோல். பிரேசில் 1975இல் தன் எதனோல் திட்டத்தை அறிவித்து வாகனங்களை மதுசாரத்தில் ஓட விட்டது இதே மூலப்பொருளை நம்பித்தான். கந்தளாய் அந்தத் திசையில் போகவில்லை. ஒரே குளத்து நீரைக் கரும்பும் நெல்லும் பங்கிட வேண்டியிருந்தது. குடியேற்ற விவசாயிக்கு நெல் வீட்டுச் சாப்பாடு. கரும்போ ஆலையின் தராசையும் ஆலை தரும் விலையையும் நம்பியிருக்கும் பயிர். 1986 ஏப்ரலில் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உள்நாட்டு யுத்தமும் நெருக்கியது. 1990களின் தொடக்கத்தில் ஆலை மூடப்பட்டது. இயந்திரம் பழுதாகி நின்றது என்பதைவிட, கரும்பு வராமல் நின்றது என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

உலக ஆய்வுகூடங்களில் கதை வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. சீனன்குடாவில் தாங்கி எரிந்த அதே பசிபிக் யுத்தத்தில், சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களை ஒரு பங்கசு அரித்துத் தின்றது. நேட்டிக் இராணுவ ஆய்வுகூடத்தில் எல்வின் ரீஸும் மேரி மெண்டல்ஸும் அதை ஆராய்ந்தார்கள். படையின் முதற்கவலை கூடாரத்தைக் காப்பது. ஆனால் செலுலோசைச் சீனியாக உடைக்கும் நொதியங்களை அப்பங்கசு ஏராளமாகச் சுரக்கிறது என்பது தெரிந்ததும், அழிப்பவனே ஆக்குபவனானான். 1977இல் அதற்கு ரீஸின் பெயரே சூட்டப்பட்டது: ட்ரைக்கோடெர்மா ரீசேய். வைக்கோலிலிருந்தும் மரத்திலிருந்தும் எதனோல் எடுக்க முயலும் ஆலைகளுக்கு இன்றும் இதன் நொதியங்களே முதுகெலும்பு. சிக்கல் மரத்தின் கட்டமைப்பில் இருக்கிறது. செலுலோசு இழைகளைச் சுற்றி இலிக்னின் இறுகப் படிந்திருப்பதால், முதலில் அமிலமோ காரமோ உயர்வெப்ப நீராவியோ கொண்டு மரத்தை இளக்கினால்தான் நொதியம் உள்ளே புகும். அந்த முன்னேற்பாட்டின் செலவே உலகெங்கும் பல ஆலைகளைத் தள்ளாட வைத்தது.

விஜேவர்தன இந்தப் பூட்டைத் திறக்க முயலவேயில்லை. 1924இல் பிறந்த அவர் கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்றவர், விமானி, 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் இலங்கைக்காகக் கலந்துகொண்டவர். 1950களில் அவர் வடிவமைத்த இரு சக்கர உழவு இயந்திரத்தை இங்கிலாந்தின் லேண்ட்மாஸ்டர் நிறுவனம் தயாரித்து விற்றது. தம்பலகாமத்து வயலில் இன்று நிற்பது எந்தக் கம்பனியின் இயந்திரமானாலும் விவசாயி அதை ‘லேண்ட்மாஸ்டர்’ என்றே சொல்லுவார். புகழின் உச்சி அது. ஹாவர்ட்டில் அவர் அந்த இயந்திரம் பற்றிப் பேசி முடித்தபோது, சபையிலிருந்த அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் எழுந்து, இதனால் விளைச்சல் கூடியதா என்று கேட்டாராம். தன்னிடம் பதில் இருக்கவில்லை என்றும், எருமையை இயந்திரமாக்கியதைத் தவிரத் தான் வேறொன்றும் செய்துவிடவில்லை என்றும் விஜேவர்தன பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். எருமை புல்லைத் தின்று சாணமிட்டது, கன்றும் ஈன்றது. இயந்திரம் இறக்குமதி டீசலைக் குடித்தது.

அவருடைய ஆய்வின் இரண்டாம் பாதி இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது எனலாம். 1970களில் நைஜீரியாவின் இபாடானிலுள்ள அனைத்துலக வெப்பமண்டல விவசாய நிறுவனத்தில், மண்ணைப் புரட்டாத பயிர்ச்செய்கையிலும் மரவரிசைகளுக்கிடையே பயிரிடும் முறையிலும் அவர் ஈடுபட்டார். இலங்கைக்குத் திரும்பிச் சிலாபத்துக்கு அண்மையிலுள்ள தன் தென்னந்தோட்டத்தில் சீமைக்கிளுவையை ஊடுபயிராக்கினார். மத்திய அமெரிக்கத் தாயகத்து மரம். நம் ஊர்களில் வேலிக்கதியாலாக நெடுங்காலமாக நிற்பது. கொப்பை வெட்டி ஊன்றினால் போதும், மழையோடு துளிர்த்துவிடும். காற்றிலுள்ள நைதரசன் வேர்முடிச்சுகள் வழியே மண்ணுக்கு வருகிறது. இடுப்பளவில் அடிமரத்தை விட்டு வெட்டினால் ஆறேழு மாதத்தில் மணிக்கட்டுப் பருமனுக்குக் கம்புகள் மீண்டும் எழும். இலையை உருவி ஆட்டுக்கோ தென்னை அடிக்கோ போட்டபின் கம்பு மட்டுமே விறகாகிறது. உரமும் தீவனமும் எரிபொருளும் ஒரே வேலியில். இலிக்னினோடு மல்லுக்கட்டத் தேவையில்லை; எரித்தால் இலிக்னினும் வெப்பம் தரும், செலுலோசைவிடக் கூடுதலாகவே தரும்.

2005இல் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராகச் சீமைக்கிளுவையை அரசு அறிவித்ததில் அவருடைய பங்கு பெரிது. அவர் 2010இல் காலமானார். ஆனால் ‘பெருந்தோட்டப் பயிர்’ என்ற தகுதி அந்த மரத்துக்குப் பொருந்தியதா என்பதில் எனக்கு ஐயமுண்டு. அதன் வலிமை வேலியில் இருந்தது, தோட்டத்தில் அல்ல.

ஏ.வை.எஸ். ஞானம் ஜப்பானியப் பங்காளிகளுடன் 1982இல் நிறுவிய டோக்கியோ சீமெந்து, கப்பலில் வரும் கிளிங்கரை, அதாவது ஏற்கெனவே சூளையில் சுட்ட சீமெந்துக் கட்டியை, சீனன்குடாவில் அரைத்துச் சீமெந்தாக்குகிறது. சூளை இல்லை, அரைவை மட்டுமே. ஆகவே ஆலையின் பசி முழுவதும் மின்சாரப் பசி. அங்கு எழுந்த 10 மெகாவாற்று உயிர்த்திணிவு மின்நிலையம், கியோட்டோ உடன்படிக்கையின் தூய்மை அபிவிருத்திப் பொறிமுறையின் கீழ்ப் பதிவானது. உமியோடு சீமைக்கிளுவையும் அதன் எரிபொருள். விஜேவர்தன பல்லாண்டுகளாக வாதிட்ட கருத்து கைத்தொழில் அளவில் இங்கே உருப்பெற்றது.

கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்க்கலாம். வெட்டிய பச்சை விறகின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். அதை உலர்த்தினால் ஒரு கிலோ சுமார் 15 மெகாயூல் வெப்பம் தரும். இத்தகைய சிறு நீராவி நிலையத்தின் வினைத்திறனை 20 சதவீதம் என்று கொண்டால், ஓர் அலகு மின்சாரத்துக்கு 1.2 கிலோ உலர்விறகு வேண்டும். முழுக் கொள்ளளவில் ஓடினால் மணிக்கு 12 தொன், நாளொன்றுக்கு 288 தொன். பத்துத் தொன் ஏற்றும் லொறிகளானால் தினமும் 29 லொறி. விறகு மட்டுமே எரிபொருள், ஆண்டுக்கு 300 நாள் ஓட்டம், ஹெக்டேயருக்கு 20 தொன் உலர்விளைச்சல் என்று வைத்தாலும் நாலாயிரம் ஹெக்டேயருக்கு மேல் தேவை. ஒரே நிலையத்துக்கு இவ்வளவு.

அவ்வளவு நிலம் ஒரே துண்டாக இங்கே எங்கே இருக்கிறது? 2006இல் மாவிலாறு, மூதூர், சம்பூர் என்று யுத்தம் படர்ந்தபோது மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். சம்பூர்க் காணிகள் மீளக் கிடைக்கப் பல ஆண்டுகள் சென்றன. எஞ்சிய நிலம் வயல், காடு, படைமுகாம். ஆகவே சுற்றுவட்டாரத்துச் சிறு விவசாயிகளிடம் விறகை எடைபோட்டு வாங்குவதுதான் வழி. வேலியோரத்து நூறு மரத்திலிருந்து வரும் கட்டுகளைச் சேர்த்து, உலர்த்தி, ஏற்றியிறக்கும் கூலியே விறகின் விலையைத் தீர்மானிக்கிறது. வயல்வேலை உச்சத்தில் இருக்கும் மாதங்களில் விறகு வெட்ட ஆள் கிடைப்பதும் அரிது. கந்தளாய்க் கரும்புக்கு வந்த அதே சோதனை.

உமிக்கு இந்தத் தொல்லை குறைவு. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. அரிசி ஆலையிலேயே அது குவிந்துவிடுகிறது, தனியே பொறுக்க வேண்டியதில்லை. எரிந்தபின் எஞ்சும் சாம்பல் பெரும்பகுதி சிலிக்கா. அது கொதிகலன் குழாய்களில் படிந்து தொல்லை தரும்; பக்குவமாக எரித்து நன்கு அரைத்தால் சீமெந்தில் கலக்கவும் ஆகும். சீமெந்து ஆலைக்கு இதைவிடத் தோதான எரிபொருள் அமைவது கடினம். நெல் அறுவடை இரண்டு போகத்தோடு நின்றுவிடுகிறது என்பதுதான் குறை. இடைப்பட்ட மாதங்களுக்கு விறகைத் தேடியே ஆகவேண்டும்.

இதற்கிடையே மாவட்டத்தின் பெரிய திட்டங்கள் வேறு பாதையில் நகர்ந்தன. சம்பூரில் இந்திய ஒத்துழைப்போடு வரவிருந்த 500 மெகாவாற்று நிலக்கரி நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 2025 ஏப்ரலில் 120 மெகாவாற்றுச் சூரிய மின் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. சூரியத் தகடு உச்சிவெயிலில் வேலை செய்து மாலையில் அடங்கும். விறகு நிலையத்தை இரவு ஏழு மணிக்கும் ஓட்டலாம், எரிபொருளைக் கொட்டிலில் குவித்து வைக்கலாம். மாலைநேர மின்தேவைக்கு எந்த நிலையம் என்ன விலை பெறும் என்பதை வகுக்கும்போது, இந்த வேறுபாட்டை விறகு தரும் விவசாயியின் கொள்விலையிலும் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருக்கும்.