குஞ்சின் ஈரலும் பெரம்பலூர் மக்காச்சோளமும்

போன வாரம் ஒருத்தர் கேட்டிருந்தார்: "எங்க ஊர்ல விளையுற மக்காச்சோளத்துக்கு வரலாறுன்னு ஏதாவது இருக்கா?" இருக்கு. அது ஒரு கோழிக்குஞ்சோட ஈரல் வழியா போகுது. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

பெரம்பலூர் 1995-ல திருச்சியிலிருந்து பிரிஞ்ச மாவட்டம். அரியலூர் நிரந்தரமா தனி மாவட்டமானது 2007-ல. மானாவாரி பூமி. நிலக்கடலையும் கம்பும் சோளமும் விளைஞ்ச கரிசலில் இன்னைக்கு மக்காச்சோளம்தான் அதிகம். காரணம், நாமக்கல் பக்கம் உள்ள கோழிப்பண்ணைகள். புரட்டாசியில விதைச்சு தையில அறுக்கிற கதிர்ல பெரும்பங்கு கோழித்தீவனமாத்தான் போகுது.

இப்போ ஈரலுக்கு வருவோம். முட்டைக்குள்ள இருக்கும்போது குஞ்சு வாழ்றது மஞ்சள் கருவின் கொழுப்பை எரிச்சுத்தான். பொரிச்சு வெளியே வந்ததும் அது தின்றது மாவுச்சத்து. மக்காச்சோளத்தில் மூணில் ரெண்டு பங்கு மாவுச்சத்து. புரதம் 8, 9 சதவீதம்தான். சில நாட்களிலேயே குஞ்சின் ஈரல், மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் தொழிற்சாலையாகிவிடுகிறது. எலிக்கு இந்த வேலையில ஒரு பகுதி கொழுப்புத் திசுவிலும் நடக்கும். கோழிக்கோ ஏறக்குறைய முழுசும் ஈரலில்தான்.

1960-களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கில்பர்ட் லெவீல் குழுவினர் இதைத்தான் ஆராய்ந்தார்கள். வளரும் குஞ்சின் தீவனத்தில் புரதத்தைக் கூட்டினால், ஈரல் புதுசா கொழுப்பு செய்வது குறையுது. தீவனத்திலேயே கொழுப்பு சேர்த்தாலும் அப்படித்தான். வெளியிலிருந்து கொழுப்பு கிடைக்கும்போது ஈரல் எதுக்கு மெனக்கெடணும்?

இதனாலதான் தீவனம் கலக்கிறவங்க மக்காச்சோளத்தோட சோயாப் பிண்ணாக்கை அளந்து சேர்க்கிறாங்க. சோயா விலை கூடும்போது அதைக் குறைச்சா கணக்கு லாபமாத் தெரியும். ஆனா குஞ்சு வளர்ச்சியில பின்தங்கி, வயித்துல கொழுப்பு சேரும். கூண்டுல அடைபட்ட முட்டைக்கோழிக்கு எரிசக்தி மிஞ்சினா ஈரலில் கொழுப்பு கட்டி, ரத்தம் கசிஞ்சு திடீர்னு செத்துப்போறதும் உண்டு.

ஈரலுக்கு இன்னொரு எதிரி பூஞ்சை. 1960-ல இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல வான்கோழிகள் செத்தன. பிரேசில் கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சுதான் காரணம்னு பிறகு தெரிஞ்சது. அதுக்குத்தான் அஃப்ளாடாக்சின்னு பேரு. ஈரம் போகாத மக்காச்சோளத்திலும் இது வரும். நம்ம விவசாயி ரோட்டுல மக்காச்சோளத்தைக் கொட்டிக் காயவைக்கிறதையும், வியாபாரி ஈரப்பதம் பார்த்து விலையைக் குறைக்கிறதையும் இதோட சேர்த்துப் பாருங்க. களம் இல்லாத கிராமத்தில் அந்த ரோடுதான் களம்.

2018-ல படைப்புழு வந்து இந்த வயல்களை அழிச்சப்போ, அடி விவசாயியோட நிக்கல. தீவன விலை வழியா பண்ணைக்கும் போச்சு. என் கருத்து இதுதான்: சத்துக் கணக்குக்கு இவ்வளவு ஆராய்ச்சி நடந்திருக்கு. ஊருக்கு ஒரு உலர்களம் கட்டுறதையும் அந்தக் கணக்கில சேர்க்கணும்.

உங்க ஊர்ல மக்காச்சோளத்தை எங்க காயவைக்கிறீங்கன்னு எழுதுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.