விதைநெல்லும் சேமிப்பும்



காவிரிக் கரையில் வாழும் நமக்குச் சேமிப்பு புதிதன்று. அறுவடை முடிந்ததும் விதைநெல்லைத் தனியே எடுத்து வைத்த பிறகே மீதியைப் பத்தாயத்தில் கொட்டினர் நம் முன்னோர். ஆயினும் நெல்லைக் காத்த குடும்பங்கள் பணத்தைக் காக்க இயலாமல் கடனில் வீழ்ந்ததும் வரலாறே. சம்பா விற்ற பணம் தை, மாசியில் மொத்தமாக வருகிறது. பள்ளி திறப்பும் குறுவைச் செலவும் ஜூனில் ஒன்றாக வந்து நிற்கின்றன. இடையில் வேலையற்ற நாட்களில் கூலிக் குடும்பம் என் செய்யும்? வட்டிக்காரர் வாசலே கதியாயிற்று. நகைகள் அடகுக் கடையில் மூழ்கின.

இதற்கு மாற்று தேடியோர் பலர். அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882-இல் தோன்றியது. சென்னை அரசு 1892-இல் பிரடெரிக் நிக்கல்சன் என்பாரிடம் ஆய்வுப் பணியை ஒப்படைத்தது. ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் கிராம மக்களைக் கொண்டே கடன் சங்கங்கள் அமைத்திருந்தார்; அவ்வழியையே நம் நாட்டுக்கும் ஏற்றதென நிக்கல்சனின் அறிக்கை பரிந்துரைத்தது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே திருவள்ளூரை அடுத்த திரூரில் முதற்சங்கம் எழுந்தது. நம் கும்பகோணத்திலும் அதே 1904-இல் கும்பகோணம் வங்கி தொடங்கப்பெற்றது; சிட்டி யூனியன் வங்கியாக இன்று நாம் அறிவது அதனையே.

எனினும் சேமித்தால் மட்டும் போதாது. 1906 அக்டோபரில் சென்னையின் புகழ்பெற்ற அர்பத்நாட் நிறுவனம் முறிந்தபோது, அதை நம்பிப் பணம் போட்டிருந்த எத்தனையோ குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அதிக வட்டி என்று ஆசை காட்டும் சீட்டுகளை நாடுவோர் இதை மறவாதிருப்பது நலம்.

பெண்மகவுக்கென 2015-இல் செல்வமகள் சேமிப்புத் திட்டம் வந்தது. பத்து வயதுக்குள் அஞ்சலகத்திலோ வங்கியிலோ கணக்குத் தொடங்கி, ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாயாகப் பதினைந்து ஆண்டுகள் செலுத்த வேண்டும்; இருபத்தோராம் ஆண்டில் கணக்கு முதிர்வடையும். மகளின் மேற்படிப்புக்கு இடையிலேயே ஒரு பகுதியை எடுக்கலாம். மேட்டூரில் தண்ணீர் இல்லாத ஆண்டில் வீட்டில் முதலில் நிற்பது பெண்பிள்ளையின் படிப்பே என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த ஆண்டுக்கான விதைநெல் அன்றோ இது!

ஆகவே, தையில் நெல் பணம் கைக்கு வந்ததும், பிற செலவுக்கு முன்னரே ஜூன் மாதத்துப் பள்ளிச் செலவை ஒதுக்குங்கள். கூலி பெறுவோர் வாரந்தோறும் பத்து ரூபாயேனும் போடுங்கள். கணக்குப் புத்தகத்தைப் பிள்ளைகளிடமே கொடுத்துக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு பசித்தாலும் விதைநெல்லைக் குத்தித் தின்னாத மரபு நம்முடையது. அதைப் பணத்திலும் காப்போமாக.