ஹிலாரி மான்டெலும் கருப்பை அகற்றமும்

கருப்பையின் உட்சுவரை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்வது எண்டோமெட்ரியோசிஸ் எனப்படும். ஆங்கில எழுத்தாளர் ஹிலாரி மான்டெல் (1952–2022) இளம் வயதிலேயே இந்நோயால் கடும் வலியுற்றார். மருத்துவர்கள் அதனை மனநோய் எனக் கருதி மருந்தளித்தனர். போட்சுவானாவில் வாழ்ந்தபோது மருத்துவ நூல் ஒன்றைப் படித்துத் தம் நோயைத் தாமே கண்டறிந்தார். 27 வயதில் இலண்டனில் அவருடைய கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டன. தாய்மை வேண்டுமா எனத் தீர்மானிக்கும் காலத்தைத் தாமதமான நோயறிதல் பறித்துவிட்டது. பின்னர் வலியும் திரும்பியது. இவற்றை 2003இல் வெளியான தம் நினைவுக்குறிப்பு நூலில் பதிவுசெய்தார்.

வெளியே பரவிய திசு எஞ்சினால், கருப்பையை நீக்கிய பின்னும் வலி தொடரலாம். பிற சிகிச்சைகள் பயனளிக்காத, இனிக் குழந்தை வேண்டாத பெண்களுக்கு இவ்வறுவையைப் பரிசீலிக்கலாம் என்கிறது 2022ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல்; நோய் முற்றிலும் தீராமல் போகலாம் என்பதையும் முன்கூட்டியே தெரிவிக்கக் கோருகிறது.